எட்டு மரக்கட்டைகளும் ஓர் அரசாணையும்

காலை எட்டு மணிக்கு நம் வளாகத்தின் வாசலில் நின்றால், எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் முதுகை மறைக்கும் பையோடு பள்ளி வேனுக்குக் காத்திருப்பதைப் பார்க்கலாம். அந்த 'கே.ஜி.' என்பது கிண்டர்கார்ட்டன் என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். இதுவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பெயரை வைத்தவர் யார், அதற்காக அவர் என்ன பாடுபட்டார் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டில் சின்னக் குழந்தை உள்ளவர்களும், பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் என் வயதுக்காரர்களும் அவரை ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் பிரெடரிக் ஃப்ரோபெல். ஜெர்மனியில் துரிங்கியா என்ற காட்டுப் பகுதியில், ஓபர்வைஸ்பாக் என்ற ஊரில், 1782 ஏப்ரல் 21 அன்று பிறந்தார். அப்பா பாதிரியார். ஊர் ஊராகச் சபை வேலை, வீட்டைக் கவனிக்க நேரம் இல்லை. குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகும்போதே தாய் இறந்துவிட்டார். வந்த சித்தி, தனக்கென்று ஒரு குழந்தை பிறந்ததும் இவனை ஒதுக்கிவிட்டார். தோட்டத்துச் செடிகளும் கல்லும் மண்ணும்தான் அவனுக்குத் துணை. பத்து வயதில் தாய்மாமன் வந்து தன் ஊருக்கு அழைத்துப் போன பிறகுதான் அந்தப் பையன் மற்ற பிள்ளைகளோடு ஓடி விளையாடினான்.

வங்கியில் லெட்ஜரோடு காலம் தள்ளியவன் என்பதால் இவருடைய கணக்குதான் முதலில் என் கண்ணில் பட்டது. வாழ்நாள் முழுக்கப் பற்றுப் பக்கம் நிரம்பி வழிகிறது, வரவுப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. பதினைந்து வயதில் வனத்துறைக்காரர் ஒருவரிடம் வேலை பழகினார். பிறகு யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கையில் இருந்ததை அண்ணனுக்குக் கடன் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக் கடை பாக்கியைத் தீர்க்க முடியாமல், பல்கலைக்கழகத்தின் சிறை அறையில் ஒன்பது வாரம் இருந்தார். தகப்பன் சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார். அதன்பின் நில அளவை, கணக்கு எழுதுவது என்று கிடைத்த வேலையையெல்லாம் செய்தார்.

1805-ல் கட்டடக் கலை படிக்கலாம் என்று பிராங்க்ஃபர்ட் போனார். அங்கே ஒரு பள்ளித் தலைமையாசிரியர், நீ ஆசிரியராக வேண்டியவன் என்று சொல்லி வகுப்பில் நிறுத்திவிட்டார். நின்ற அன்றே தன் வேலை இதுதான் என்று ஃப்ரோபெலுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோசி என்ற பெரிய கல்வியாளரிடம் இரண்டு ஆண்டுகள் தங்கிக் கற்றார். பிறகு பெர்லினில் கனிமங்களையும் படிகங்களையும் பற்றிப் படித்து, அங்குள்ள கனிம அருங்காட்சியகத்தில் உதவியாளராகவும் இருந்தார். ஒரு படிகம் ஒழுங்கான வடிவங்களில் தானே வளர்வதைப் பார்த்தவருக்கு, குழந்தையின் மனமும் அப்படித்தான், வெளியிலிருந்து திணிக்க வேண்டியதில்லை, உள்ளிருந்து வளரும் என்று தோன்றியது. பின்னாளில் அவர் செய்த கட்டைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

நெப்போலியனுக்கு எதிரான போரில் தொண்டர் படையில் சேர்ந்தபோது மிடன்டார்ஃப், லாங்கெதால் என்ற இரண்டு நண்பர்கள் கிடைத்தார்கள். அதே காலத்தில் அண்ணன் கிறிஸ்டோஃப் நச்சுக் காய்ச்சலில் இறந்துபோக, அவருடைய மூன்று பையன்கள் தகப்பனில்லாமல் நின்றார்கள். 1816-ல் ஃப்ரோபெல் அருங்காட்சியக வேலையை உதறிவிட்டு வந்து, அந்த மூவரையும் இன்னொரு அண்ணனின் இரண்டு மகன்களையும் வைத்துப் பள்ளி தொடங்கினார். ஐந்து அண்ணன் பிள்ளைகள்தான் மொத்த வகுப்பும். அவர்களில் கார்ல் என்ற பையனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவர் மறுபடி வருவார்.

அடுத்த ஆண்டு பள்ளி கைல்ஹாவ் என்ற கிராமத்துக்கு மாறியது. பிள்ளைகள் அறுபது பேர் வரை சேர்ந்தார்கள். அரசாங்கத்துக்குச் சந்தேகம் வந்தது, புரட்சிக்காரர்களை வளர்க்கிறார்களோ என்று. விசாரிக்க வந்த அதிகாரி பள்ளியைப் பாராட்டித்தான் அறிக்கை கொடுத்தார். ஆனாலும் பெற்றோர் பயந்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் பிள்ளைகள் ஐந்து பேராகக் குறைந்தார்கள். தொடங்கிய எண்ணிக்கைக்கே வந்து நின்றது கணக்கு.

ஐம்பத்தைந்து வயதில், நம்மில் பலர் ஓய்வுக்காலக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வயதில், அவர் புதிதாகத் தொடங்கினார். பள்ளிக்கு வரும் முன்பே, மூன்று முதல் ஆறு வயதுக்குள், குழந்தையின் கையும் மனமும் எப்படி விழிக்கின்றன என்பதை யாருமே கவனிப்பதில்லை என்று அவர் கண்டிருந்தார். 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் பரிசுகள்.

முதல் பரிசு, நூல் கட்டிய ஆறு கம்பளிப் பந்துகள், ஆறு நிறத்தில். இரண்டாவது, மரத்தால் ஆன உருண்டை, உருளை, கனசதுரம். மூன்றாவதுதான் நம் வீட்டுக் கட்டைப் பெட்டிகளுக்கெல்லாம் முன்னோடி: இரண்டு அங்குலக் கனசதுரம் ஒன்று, அதை எட்டு ஒரு அங்குலக் கட்டைகளாக வெட்டியிருக்கும். நான்காவதில் எட்டும் செங்கல் வடிவம். ஐந்தாவதில் 27 சிறு கனசதுரங்கள், சிலவற்றைக் கோணலாக வெட்டியதில் மொத்தம் 39 துண்டுகள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். அதே எட்டுக் கட்டையில் குழந்தை நாற்காலி செய்கிறது, படிக்கட்டு கட்டுகிறது. இது வாழ்க்கை வடிவம். கோலம் போலச் சமச்சீராக அடுக்குகிறது, அது அழகு வடிவம். எட்டை இரண்டு நான்காகவும் நான்கு இரண்டாகவும் பிரிக்கிறது, அது அறிவு வடிவம். வாய்ப்பாடு தெரியாத குழந்தை வகுத்தலைக் கையால் தொட்டுப் பார்த்துவிடுகிறது. நாற்காலிக்கு நான்கு கட்டை போதும் என்று மீதியை ஒதுக்கக் கூடாது, எட்டும் வேலை செய்ய வேண்டும். ஒன்றைக் கட்டியதும் தட்டிக் கலைக்காமல், இரண்டு கட்டையை நகர்த்தி அதையே வேறொன்றாக மாற்ற வேண்டும். இவை அவருடைய விதிகள். அவருக்குப் பின் வந்த சிலர் இந்த விதிகளையே பிடித்துக்கொண்டு விளையாட்டைக் கவாத்து போல் ஆக்கிவிட்டார்கள் என்ற குறையும் உண்டு.

1839-ல் மனைவி வில்ஹெல்மினா இறந்தார். குழந்தைகள் இல்லை. அடுத்த ஆண்டு நண்பர் மிடன்டார்ஃபோடு மலைப்பாதையில் நடந்து வரும்போது, தன் நிலையத்துக்குக் கிண்டர்கார்ட்டன் என்ற பெயர் தோன்றியதாம். 1840 ஜூன் 28 அன்று அந்தப் பெயரை அறிவித்தார். பத்துத் தாலர் வீதம் பங்குகள் விற்று முதல் திரட்டலாம், பங்குதாரர்கள் நாட்டின் பெண்களாக இருக்கட்டும் என்பது அவர் திட்டம். பங்குகள் போகவில்லை. லாப ஈவே இல்லாத பங்கை யார் வாங்குவார்கள்? ஆனால் அவர் ஓயவில்லை. ஊர் ஊராகப் போனார், இளம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சிறு குழந்தைகளுக்குப் பெண்கள் ஆசிரியராவது அந்த நாட்டில் அப்போது கேலிக்குரிய விஷயம். கிராமத்துப் பிள்ளைகளோடு வட்டமாகக் கைகோத்து ஆடும் இந்தக் கிழவரை ஊரார் பைத்தியம் என்றார்கள். 1849-ல் பெர்தா என்ற சீமாட்டி அதைப் பார்க்க வந்து, அவருடைய மாணவியாகவே ஆகிவிட்டார்.

காரியம் கூடி வரும் நேரத்தில் இடி விழுந்தது. 1851 ஆகஸ்ட் 7 அன்று பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. அவை சோஷலிசத்தையும் நாத்திகத்தையும் பரப்புகின்றன என்றார் கல்வி அமைச்சர். காரணம், கார்ல் ஃப்ரோபெல் எழுதிய ஒரு சிறு நூல். ஆம், 1816-ல் முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்த அதே அண்ணன் மகன். பெண்களின் உயர்கல்வியையும் கிண்டர்கார்ட்டனையும் பற்றி அவர் எழுதியதை, அதிகாரிகள் சித்தப்பாவின் கணக்கில் எழுதிவிட்டார்கள். அந்த நூல் என்னுடையதல்ல என்று ஃப்ரோபெல் அமைச்சருக்கு விளக்கினார், அரசரிடமும் முறையிட்டார். பயனில்லை. ஒரே பெயருள்ள இருவரின் பற்றை மாற்றி எழுதினால் வங்கியில் மாலைக்குள் திருத்தப் பதிவு போட்டுவிடலாம். அந்த அரசுக்கு ஒன்பது ஆண்டு பிடித்தது.

1852 ஜூன் 21 அன்று, தடை நீங்காமலே, எழுபது வயதில் அவர் இறந்தார். ஷ்வைனா என்ற ஊரில் உள்ள அவர் கல்லறையின் மேல் கனசதுரமும் உருளையும் உருண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. இரண்டாவது பரிசு. தடை 1860-ல் நீங்கியது. அதற்காக விடாமல் பேசியவர்களில் அந்தப் பெர்தா சீமாட்டி முக்கியமானவர். அவரும் பிற மாணவிகளும் கிண்டர்கார்ட்டனை நாடு நாடாகக் கொண்டு போனார்கள். 1856-லேயே அமெரிக்காவின் விஸ்கான்சினில் மார்கரெத்தா ஷுர்ட்ஸ் ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் இந்தக் கட்டைகளைப் பார்த்த ஒரு தாய், தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட். அந்தக் கட்டைகளுக்குத் தாம் பட்ட கடனை முதுமையிலும் அவர் மறக்கவில்லை.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். எல்.கே.ஜி. பிள்ளைக்கு எழுத்து வேலை கொடுத்து உட்கார வைப்பதை இன்று நாம் படிப்பு என்கிறோம், கட்டை அடுக்குவதை நேரப்போக்கு என்கிறோம். கே.ஜி. என்ற பெயரை வைத்தவர் இதை நேர்மாறாக அல்லவா சொன்னார்? விலை உயர்ந்த பெட்டி எதுவும் தேவையில்லை. ஒரே அளவில் இழைத்த எட்டுக் கட்டைகளைத் தச்சர் ஒருவர் அரை நாளில் செய்து கொடுப்பார். முனையை மட்டும் மழுக்கச் சொல்லுங்கள், வாயில் போகும் அளவுக்குச் சிறிதாக வேண்டாம். பெட்டியோடு கவிழ்த்து, பெட்டியை மெல்லத் தூக்கிவிட்டு, கைபேசியை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். என்ன கட்டுகிறாய் என்று உடனே கேட்காதீர்கள். கட்டி முடித்ததும் குழந்தையே சொல்லும்.