நித்தியத்தை நோக்கி நடந்த இல்லறத்தார்: புனித தேவசகாயம்

யூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வரலாறு எழுதித் தர வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கடல் கடந்து வந்த பெரிய மிஷனரிமாரின் பெயர்களே முதலில் நம் நினைவுக்கு வந்தன. ஆயினும் நாம் தேர்ந்துகொண்டது குருவானவர் ஒருவரை அல்ல, துறவியையும் அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்த்து, மனைவியோடு குடும்பம் நடத்தி, வயலும் மாடும் வைத்திருந்த ஒரு பொதுநிலையினரைத் தேர்ந்துகொண்டோம். அதற்குக் காரணம் உண்டு.

இழப்பு என்பது நம் கடலோர மக்களுக்குப் புதிதல்ல. ராயபுரம் புனித இராயப்பர் ஆலயத்தைக் கட்டியவர்கள், மசூலாப் படகுகளில் கப்பல் சரக்கைக் கரை சேர்த்த படகோட்டிகள். துறைமுகம் வந்தது, அப்படகுகளும் அத்தொழிலும் போயின. திருவொற்றியூர்க் கரையில் கடல் தின்ற தெருக்களைப் பெரியவர்கள் அறிவார்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து, படகும் வலையும் கறுத்துப் போயின. அந்நாள்களில் ஒரு மீனவப் பெரியவர் நம் அறை வாசலில் வந்து நின்று, ஆண்டு தவறாமல் நவநாள் செய்துவந்த தமக்கு ஏன் இந்த நஷ்டம் என்று கேட்டார். குருமடத்தில் படித்த பதில்கள் பல நமக்குத் தெரியும். அன்று ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் போன பிறகே தேவசகாயம் நினைவுக்கு வந்தார். ஏனெனில் அவருடைய விசுவாச வாழ்வு தொடங்கியதே ஒரு நஷ்டத்தில்தான்.

1712 ஏப்ரல் 23-ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூரிலும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நட்டாலத்தில் அவர் பிறந்தார். இயற்பெயர் நீலகண்டன். வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பம். மார்த்தாண்ட வர்மா மன்னரின் பத்மநாபபுரம் அரண்மனையில் அவருக்கு அலுவல். மனைவி பார்கவி அம்மாள்.

1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. சிறைப்பட்ட தளபதி டிலனாய் பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளிப்பவரானார். அவர் கத்தோலிக்கர். அலுவல் வழியாக அவருக்கும் நீலகண்டனுக்கும் நட்பு ஏற்பட்டது. அக்காலத்தில் நீலகண்டன் வீட்டில் கால்நடைகள் மடிந்தன, பயிர் அழிந்தது, மனம் சோர்ந்தது. நண்பரின் முகவாட்டத்தைக் கண்ட டிலனாய், யோபுவின் வரலாற்றை அவருக்கு எடுத்துச் சொன்னார். மந்திரமோ பரிகாரமோ சொல்லவில்லை. எல்லாம் இழந்தும் இறைவனை இழக்காத ஒரு மனிதனின் கதையைச் சொன்னார். நீலகண்டனின் உள்ளத்தில் அது தங்கிவிட்டது.

1745 மே 14 அன்று, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி சுவாமிகள் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவமே தேவசகாயம். அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். யோபுவுக்கு இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பி வந்தன என்று வேதாகமம் கூறுகிறது. தேவசகாயத்துக்கு அப்படி ஒன்றும் திரும்பி வரவில்லை. ஞானஸ்நானத்துக்குப் பின் நான்கு ஆண்டுகளுக்குள் மீதியிருந்த பதவியும் மதிப்பும் வீடும் போயின. மாட்டையும் வயலையும் மீட்டுத் தரும் தெய்வத்தைத் தேடித்தான் அவர் வேதத்தில் சேர்ந்திருந்தால், முதல் ஆண்டிலேயே திரும்பிப் போயிருப்பார்.

மறுவுலகை நினைப்பவன் இவ்வுலகில் எதற்கும் உதவமாட்டான் என்று சிலர் நம்மைக் கேலி செய்வதுண்டு. தேவசகாயமோ, பிறப்பால் எல்லாரும் சமம் என்று சொன்னதோடு நில்லாமல், தீண்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்களோடு அமர்ந்து உணவருந்தினார். 18-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் அது சிறிய காரியமல்ல. மேல்சாதியினரின் கோபம் பெருகியது. (நாமும் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. அதே வடக்கன்குளத்து ஆலயத்தில் பிற்காலத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்த சுவர் இருந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது.)

1749 பிப்ரவரி 23 அன்று அரச துரோகக் குற்றம் சாட்டி அவரைக் கைது செய்தார்கள். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமை மேல் பின்புறமாக உட்கார வைத்து, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். அடித்து, புண்களில் மிளகாய்த் தூள் தேய்த்து, வெயிலில் நிறுத்தினார்கள். தாகத்தால் வாடிய அவர் புலியூர்க்குறிச்சியில் முழங்கையால் இடிக்க, பாறையில் நீர் சுரந்தது என்பது மரபு. அது இன்றும் முட்டிடிச்சான் பாறை என்றே வழங்குகிறது. பெருவிளையில் அவரை வேப்பமரத்தில் கட்டி வைத்தார்கள். கட்டுண்டு கிடந்தவரிடம் ஆறுதல் தேடி மக்கள் வரத் தொடங்கினர்! பழைய நெறிக்குத் திரும்பியிருந்தால் பழைய வாழ்வும் திரும்பியிருக்கும். மூன்றாண்டுகளுக்குச் சற்றே குறைந்த அக்காலம் முழுவதும் அந்த வழி திறந்தே இருந்தது, அவர் போகவில்லை.

1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்று, உடலைக் காட்டில் எறிந்தார்கள். சில நாள் கழித்து விசுவாசிகள் எலும்புகளைச் சேகரித்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். அப்போது அவருக்கு வயது 39. ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்தில் கைம்பெண்ணாய் வாழ்ந்து அங்கேயே காலமானார். அந்த அம்மாளைப் பற்றி யாரும் அதிகம் எழுதாதது நமக்கு வருத்தமே.

வேதம் சொல்லிக் கொடுத்த டிலனாய் பதவியோடும் மரியாதையோடும் 1777 வரை வாழ்ந்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. ஒரே விசுவாசம், ஒருவருக்குக் கோட்டையிலும் ஒருவருக்குக் காட்டுப் பாறையிலும் முடிந்தது. ஏன் என்று கேட்டால் நமக்குத் தெரியாது.

2012 டிசம்பர் 2-ஆம் நாள் அவர் அருளாளர் ஆனார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினரில் இப்பேறு பெற்ற முதல்வர் இவரே. பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் அப்போது விடப்பட்டது. இன்று திருச்சபைக்கு அவர் வெறும் தேவசகாயம்.

அந்த மீனவப் பெரியவரிடம் சில வாரம் கழித்து இந்த வரலாற்றைச் சொன்னோம். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கோட்டாற்றுக்கு எந்த ரயில் என்று மட்டும் கேட்டார். நாகர்கோவிலில் இறங்கினால் கல்லறை பக்கம்தான். அங்கிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் சென்றால் காற்றாடிமலை வரும். திருநாள் ஜனவரி 14, பொங்கலை ஒட்டி வருகிறது.