ஒட்டுத் தெரியாத படம்

கல்யாணத்துக்கு வர முடியாமல் போன மாமாவைக் குடும்பப் போட்டோவில் பின்னால் சேர்ப்பது உண்டு. சட்டை பொருந்திவிடும். கை, கால் பொருந்திவிடும். ஆனால் தலைமுடி காட்டிக்கொடுத்துவிடும்! தலையைச் சுற்றி ஒரு கோடு தெரியும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் இந்தத் தொல்லை முழுதும் தீரவில்லை. அப்படியானால், 1857-ம் ஆண்டிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து ஒரே படமாக்கியவர் எப்படிப்பட்டவர்! அவர்தான் ஆஸ்கார் ரெய்லாண்டர்.

ஒரே பிற்பகலில் கற்றார்

ரெய்லாண்டர் சுவீடன் நாட்டவர். 1813-ல் பிறந்தவர் என்பார்கள். ரோம் நகரில் ஓவியம் பயின்றார். பிறகு இங்கிலாந்து சென்று, உல்வர்ஹாம்டன் என்ற தொழில் நகரில் குடியேறினார். படம் வரைவதுதான் பிழைப்பு.

1853-ல் லண்டனுக்குப் போய் போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டார். எத்தனை நாள்? ஒரே ஒரு பிற்பகல்!

அந்தக் காலத்து லென்சில் பலரைச் சேர்த்து எடுத்தால் முன்னால் நிற்பவர் தெளிவாக விழுவார். பின்னால் நிற்பவர் மங்கிப்போவார். ஒவ்வொருவரையும் தனித்தனியே எடுத்து, ஒரே தாளில் அச்சிட்டால் என்ன? ரெய்லாண்டருக்கு இந்த யோசனை தோன்றியது.

ஆறு வார உழைப்பு

அவருடைய பெரிய படத்துக்கு 'இரு வாழ்க்கை வழிகள்' என்று பெயர். பெரியவர் ஒருவர் இரண்டு இளைஞர்களை உலகத்துக்கு அழைத்து வருகிறார். ஒருவன் சூதும் மதுவும் உள்ள பக்கம் திரும்புகிறான். மற்றவன் உழைப்பும் பக்தியும் உள்ள பக்கம் போகிறான்.

அன்று நெகட்டிவ் என்பது கண்ணாடித் தகடு. ஒரு தகட்டைத் தாள்மீது வைப்பார். வேண்டிய உருவத்தை விட்டு மற்ற இடத்தை மறைப்பார். வெயிலில் காட்டுவார். அந்த உருவம் பதிந்ததும் அதை மறைத்துவிட்டு அடுத்த தகட்டை வைப்பார். இப்படியே ஆறு வாரம்! படம் 31 அங்குல நீளம், 16 அங்குல உயரம். அவ்வளவு பெரிய தாள் கிடைக்காததால் இரண்டு தாள்களை இணைத்தே அச்சிட்டார்.

முடியின் ரகசியம்

இந்த வேலையில் பலரும் இடறி விழும் இடம் தலைமுடி. தோளுக்கு ஓர் எல்லை உண்டு. முடிக்கு எல்லை இல்லை. அது இழை இழையாகப் பிரிந்து நிற்கும். நெருக்கி வெட்டினால் தலையில் தொப்பி கவிழ்த்தது போல் இருக்கும். தள்ளி வெட்டினால் பழைய பின்னணியும் வளையம் போல் ஒட்டிக்கொண்டு வரும்.

இதற்கு மருந்து, நிழல்! கருமுடிக்குப் பின்னால் கரிய திரையோ, இருண்ட மூலையோ இருந்தால் முடியின் ஓரம் அதில் கரைந்துவிடும். ஓரத்தைக் கத்தரித்தாற்போல் விடாமல், சிறிது சிறிதாக மங்க விடவேண்டும். ரெய்லாண்டரின் வழியில் வந்த ஹென்றி பீச் ராபின்சன், இப்படிப் படங்களைச் சேர்த்து அச்சிடும் முறையை 1869-ல் வெளியான தம் புத்தகத்தில் விளக்கி எழுதினார். இன்று கம்ப்யூட்டரில் படம் சேர்ப்பவர்களும் முடியின் ஓரத்தை மங்க வைத்துத்தான் ஒட்டை மறைக்கிறார்கள்.

ராணி வாங்கினார்

1857-ல் மான்செஸ்டர் கலைக் கண்காட்சியில் படம் வைக்கப்பட்டது. விக்டோரியா ராணியே ஒரு பிரதியைப் பத்து கினி கொடுத்து வாங்கினார். கணவர் ஆல்பர்ட்டுக்காக வாங்கியது அது.

ஆனால் ஸ்காட்லாந்தில் எதிர்ப்பு கிளம்பியது. படத்தில் ஆடை குறைந்த பெண்கள் இருக்கிறார்கள் என்று கண்காட்சிக்காரர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். ஓவியத்தில் இருந்தால் பாராட்டுகிறவர்கள், போட்டோவில் இருந்ததும் முகம் சுளித்தார்கள்!

ரெய்லாண்டர் ஒளிந்துகொள்ளவில்லை. 1858-ல் லண்டன் போட்டோ சங்கத்தின் முன்னால் நின்று, எத்தனை தகடுகள், எப்படிச் சேர்த்தேன் என்பதையெல்லாம் விளக்கிவிட்டார். விளைவு? இது கலையல்ல, வெட்டி ஒட்டிய வேலை என்று சிலர் இகழ்ந்தார்கள். ரெய்லாண்டர் மனம் சலித்துப்போனார். அவ்வளவு பெரிய கூட்டுப்படத்தை அவர் மீண்டும் செய்யவில்லை.

கடைசி நாட்கள்

1862-ல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அதே ஆண்டில் திருமணம் நடந்தது. விஞ்ஞானி டார்வின், மனிதரின் உணர்ச்சிகளைப் பற்றிய தம் புத்தகத்துக்குப் படம் தேடியபோது ரெய்லாண்டர் கைகொடுத்தார். ஆச்சரியம், அருவருப்பு எல்லாவற்றையும் தாமே நடித்துக் காட்டிப் படமெடுத்தார். 1872-ல் புத்தகம் வெளிவந்தது. அழும் குழந்தை ஒன்றின் படம் அமோகமாக விற்றது.

புகழ் வந்தது. பணம் நிற்கவில்லை. 1875 ஜனவரியில் அவர் காலமானபோது வீட்டில் வறுமைதான் இருந்தது.

இன்று அவரைக் கலைப் போட்டோவின் தந்தை என்கிறார்கள். படத்தில் ஒட்டை மறைத்தவர், அதைச் செய்த முறையை மறைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அதனால் பட்ட நஷ்டத்தையும் தாமே ஏற்றுக்கொண்டார்.