ஆசிரியர்களை உருவாக்கிய ஆசான்
புனித ஜான் பாப்திஸ்து தெ லசால்

ஆலயத்தின் யூபிலியைக் கொண்டாடும் இவ்வேளையில், ஆலயத்தின் நிழலில் வளர்ந்த பங்குப் பள்ளிகளையும் நாம் நன்றியோடு நினைக்கிறோம். பள்ளி என்றதும் கட்டடம் நம் கண்முன் வருகிறது. ஆனால் பள்ளியைப் பள்ளியாக்குவது ஆசிரியரே. பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வரும் இளம் ஆசிரியர், முதல் நாளே நாற்பது பிள்ளைகள் முன் நிற்கத் தகுதி பெற்றுவிட்டாரா? இந்தக் கேள்விக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் புனித தெ லசால்.

1651 ஏப்ரல் 30-ம் நாள் பிரான்சு நாட்டு ரீம்ஸ் நகரில், செல்வாக்கு மிக்க குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். பதினைந்து வயதிலேயே ரீம்ஸ் பேராலயத்தின் கேனன் பதவி அவரைத் தேடி வந்தது. பாரீசில் குருமாணவராக இருக்கையில் தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தனர். ஊர் திரும்பித் தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பை ஏற்றார். 1678-ல் குருப்பட்டம் பெற்றார்.

1679-ல் ரூவான் நகரிலிருந்து ஆத்ரியான் நியெல் என்பவர் ஏழைச் சிறுவருக்குப் பள்ளி திறக்க ரீம்ஸ் வந்தார். நம் புனிதர் அவருக்கு உதவினார். பள்ளிகள் விரைவாகத் திறக்கப்பட்டன. ஆனால் கற்பிக்க வந்தவர்களோ போதிய கல்வியும் இல்லாதவர்கள், கற்பிக்கும் முறையும் அறியாதவர்கள். அந்நாளில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாக அருகில் அழைத்துப் பாடம் சொல்வார். மற்றப் பிள்ளைகள் வேலையின்றி அமர்ந்திருப்பர். வகுப்பில் இரைச்சலும் பிரம்படியுமே மிஞ்சும். பள்ளியைத் திறந்தால் மட்டும் போதாது, ஆசிரியரை உருவாக்க வேண்டும் என்பதை தெ லசால் உணர்ந்தார்.

முதலில் அந்த ஆசிரியர்களைத் தம் வீட்டில் உணவுக்கு அழைத்தார். 1681-ல் தம்மோடேயே தங்க வைத்தார். உறவினர் கொதித்தெழுந்தனர். தொடக்கத்தில் இந்த ஆசிரியர்களைத் தம் பணியாளிலும் தாழ்ந்தவர்களாகத் தாமே எண்ணியிருந்ததாகப் பின்னாளில் அவர் மனம் திறந்து எழுதியுள்ளார். மறு ஆண்டே வேறு வீட்டுக்குச் சென்று அவர்களோடு வாழலானார்.

அவர்களுக்கோ நாளையைப் பற்றிய அச்சம். இறைப் பராமரிப்பை நம்புங்கள் என்று அவர் சொன்னபோது, சொத்தும் பதவியும் உள்ள உமக்கு அப்படிச் சொல்வது எளிது என்று கேட்டுவிட்டனர். அந்தச் சொல் அவர் உள்ளத்தில் தைத்தது. 1683-ல் கேனன் பதவியைத் துறந்தார். தொடர்ந்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளின் உணவுக்கே செலவிட்டார். இவ்வாறு தோன்றியதுதான் கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர்கள் சபை.

சிற்றூர்ப் பங்குக் குருக்கள் தங்களுக்கும் ஆசிரியர் வேண்டுமெனக் கேட்டனர். ஒரு சகோதரரைத் தனியே அனுப்புவதில்லை என்பது அவரது உறுதி. சிற்றூர்களுக்கோ இருவரைப் பேண வசதியில்லை. எனவே ஊர் இளைஞர்களையே அனுப்பச் சொல்லி, ரீம்ஸில் பயிற்சி இல்லம் ஒன்றைத் தொடங்கினார். வாசிப்பு, எழுத்து, கணக்கு, ஞானோபதேசம், ஆலயப் பாடல் ஆகியவற்றில் தேறியபின் அவர்கள் தம் ஊருக்கே திரும்பினர். 1699-ல் பாரீசில் தொடங்கிய இல்லத்தை ஒட்டி ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியும் இருந்தது. பயிற்சி பெறுவோர் அங்கே, அனுபவமுள்ள சகோதரரின் பார்வையில், உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகினர். நீந்தக் கற்பவர் நீரில் இறங்கத்தானே வேண்டும்!

தாமும் சகோதரர்களும் பல்லாண்டு கண்டறிந்ததை ஒரு கைந்நூலாக்கினார். 1706-ம் ஆண்டுக் கையெழுத்துப் படியில் இருந்த அது, அவர் மறைந்தபின் 1720-ல் அச்சேறியது. புதிய ஆசிரியரிடம் களைய வேண்டிய குறைகள் அதில் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன: ஓயாத பேச்சு, பதற்றம், கடுமை, பொறுமையின்மை, ஓரவஞ்சனை, மனச்சோர்வு. இவை ஏட்டுப் படிப்பால் நீங்குபவை அல்ல. மூத்தவர் ஒருவர் அருகிருந்து கண்டு, அன்போடு திருத்தினால்தான் நீங்கும். இலத்தீனுக்கு முன் தாய்மொழியில் வாசிக்கப் பழக்கியதும், வகுப்பு முழுவதற்கும் ஒருசேரக் கற்பித்ததும் அவர் பள்ளிகளின் சிறப்பு.

வெற்றி மட்டுமே அவர் கண்டதில்லை. கட்டணம் வாங்கிக் கற்பித்த பாரீசு எழுத்தாசிரியர்கள் வழக்குத் தொடுத்தனர். பயிற்சி இல்லங்களும் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. ஆயினும் விதைத்தது வீண்போகவில்லை. 1719 ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று ரூவானில் இறைவனடி சேர்ந்தார். 1900-ல் புனிதராக உயர்த்தப்பட்டார். 1950-ல் திருத்தந்தை 12-ம் பயஸ் அவரை ஆசிரியர் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். தூத்துக்குடியில் உள்ள லசால் மேல்நிலைப்பள்ளி நம் மண்ணிலும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் நாட்டிலும் 2014-ம் ஆண்டு விதிமுறைகள், பி.எட். மாணவர் 20 வாரம் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என வகுத்தன. நல்லதே. ஆனால் அந்த வாரங்களில் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்க ஒரு மூத்த ஆசிரியர் இல்லையெனில், நாட்கள் கழியும், ஆசிரியர் உருவாகமாட்டார். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் மிகக் கடினமான வகுப்பைப் புதியவர் தலையில் கட்டிவிட்டு, பிறகு அவரையே குறைகூறுவது நியாயமாகுமா?

பங்கு மக்களே! நம் பிள்ளைகளுக்குப் புதிய ஆசிரியர் வரும்போது, ஒருவரைத் தனியே அனுப்பாத இப்புனிதரை நினைவில் கொள்வோம். மூத்த ஆசிரியர்கள் அவருக்குக் கைகொடுக்கட்டும். பெற்றோர் பொறுமை காட்டட்டும். புனித தெ லசாலே, எங்கள் ஆசிரியர்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.