மாய எண்களைக் கண்ட மரியா அம்மையார்

நோபல் பரிசு பெற்ற பெண் விஞ்ஞானி என்றால் நம் எல்லோருக்கும் மேரி கியூரி அம்மையார்தான் நினைவுக்கு வருவார். அவர் 1903-ல் இயற்பியல் பரிசு பெற்றார். அறுபது வருஷங்கள் கழித்து அதே பரிசைப் பெற்ற இரண்டாவது பெண்மணி மரியா கெப்பர்ட் மேயர். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், அவரைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1906 ஜூன் 28 அன்று, இப்போது போலந்திலும் அப்போது ஜெர்மனியிலும் இருந்த காட்டோவிட்ஸ் நகரில் பிறந்தார். தந்தை வழியில் ஆறு தலைமுறையாகப் பேராசிரியர்கள். கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1924-ல் கணிதம் படிக்கச் சேர்ந்தவர், மாக்ஸ் பார்னின் தொடர்பால் இயற்பியலுக்கு மாறினார். ஓர் அணு ஒரே சமயத்தில் இரண்டு ஒளித்துகள்களை ஏற்க முடியும் என்று தம் முனைவர் பட்ட ஆய்வில் கணக்கிட்டார். லேசர் வந்த பிறகு, 1961-ல்தான் அது பரிசோதனையில் நிரூபணமாயிற்று.

1930-ல் அமெரிக்க ரசாயன விஞ்ஞானி ஜோசப் மேயரை மணந்து பால்டிமோருக்குப் போனார். கணவருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உத்தியோகம். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை பார்க்கக்கூடாது என்ற விதியால் அம்மையாருக்கு முறையான பதவி இல்லை. பிறகு நியூயார்க், 1946-ல் சிகாகோ. அங்கேயும் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத பேராசிரியர் பதவி. ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் பார்த்த பாதி நேர வேலைக்கு மட்டும் சம்பளம். இரண்டு குழந்தைகளையும் வளர்த்துக்கொண்டு ஆராய்ச்சியை விடாமல் செய்தார்.

புரோட்டான்களோ நியூட்ரான்களோ 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் இருந்தால் அணுக்கரு மிக உறுதியாக இருக்கிறது. இவையே மாய எண்கள். சான்றுகளைத் திரட்டிவிட்டார், காரணம்தான் புலப்படவில்லை. சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் பிணைப்பு உண்டா என்று என்ரிகோ ஃபெர்மி கேட்ட ஒரு கேள்வியில் விடை பிடிபட்டது. பூமியைப் போலத் துகளும் தானும் சுழன்று, வட்டமும் சுற்றுகிறது. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் சக்தி குறைவு, எதிர்த்திசையில் அதிகம். இதனால் கருவின் சக்திப் படிகள் பிரிந்து கூட்டம் கூட்டமாக அமைகின்றன. ஒரு கூட்டம் நிரம்பும்போது வருவதே மாய எண். அதே 1949-ல் ஜெர்மனியில் ஜென்சன் குழுவினரும் இம்முடிவுக்கு வந்தனர். இருவரும் போட்டியிடாமல் 1955-ல் சேர்ந்தே புத்தகம் எழுதினார்கள்.

இக்கொள்கைக்கு உண்மையான சோதனை, நியூட்ரான்கள் மிகுந்த, நொடியில் சிதைந்துவிடும் கருக்களில் வந்தது. 11 புரோட்டான்களும் 21 நியூட்ரான்களும் கொண்ட சோடியம்-32, பீட்டாச் சிதைவில் மெக்னீசியம்-32 ஆகிறது. அதில் நியூட்ரான்கள் 20. ஆகவே அது அசையாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் செர்ன் ஆய்வுக்கூடத்தினர் 1979-ல் வெளியிட்ட முடிவின்படி, அதைக் கிளர்ச்சியுறச் செய்ய 885 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டே போதும். அதே 20 நியூட்ரான்கள் உள்ள சிலிக்கான்-34-க்கோ சுமார் 3,300 வேண்டும். மாய எண் அங்கே மங்கிவிட்டது! மாறாக, 28 புரோட்டான்களும் 50 நியூட்ரான்களும் உள்ள நிக்கல்-78-ல் அது நிலைத்திருப்பதை ஜப்பானில் நடந்த சோதனை 2019-ல் காட்டியது. எங்கே நிலைக்கிறது, எங்கே தவறுகிறது என்று பார்ப்பதற்கே அம்மையாரின் படிகள்தான் அளவுகோல்.

1960-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் அவரை முழுச் சம்பளத்துடன் பேராசிரியராக்கியது. சான் டியேகோ வந்த சிறிது காலத்தில் பக்கவாதம் தாக்கியது. அப்படியும் வேலையை விடவில்லை. 1963-ல் விக்னர், ஜென்சன் ஆகியோருடன் நோபல் பரிசு. 1972 பிப்ரவரி 20 அன்று காலமானார்.

பட்டம் பெற்றது 1930. தகுதிக்கேற்ற பதவி கிடைத்தது 1960. நடுவில் முப்பது வருஷங்கள்! கணவரின் மாற்றல் உத்தரவோடு ஊர் ஊராகப் போய், படிப்பைப் பெட்டியில் பூட்டி வைத்த பெண்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்? எல்லோருக்கும் மரியா அம்மையாரின் மனவுறுதி வாய்க்காது. வாய்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வீட்டுக்கு வரும் மாட்டுப்பெண் மேலே படிக்க வேண்டும் என்றால், வீட்டு வேலையில் பாதியை நாம் ஏற்றுக்கொள்வோம். அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் மரியாதை.