டாக்டர் ஜொனாதன் மான்: எச்.ஐ.வி. ஆய்வும் நோயாளியின் உரிமையும்

எச்.ஐ.வி. தொற்று உள்ளவருடன் ஒரே வீட்டில் வாழ்வதாலும், ஒரே பாத்திரத்தில் உண்பதாலும் தொற்று பரவாது என்பதை மருத்துவர்கள் இன்று உறுதியாகக் கூறுகின்றனர். அவ்வுறுதிக்கு அடிப்படையான ஆய்வுகளுள் சில, 1980களின் நடுப்பகுதியில் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் நடைபெற்றன. அவற்றை முன்னின்று நடத்தியவர் அமெரிக்க மருத்துவர் ஜொனாதன் மான்.

இளமையும் கல்வியும்

ஜொனாதன் மான் 1947ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று பாஸ்டன் நகரில் பிறந்தார். 1974இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும், 1980இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் பட்டமும் பெற்றார். நியூ மெக்சிகோ மாநிலத்தில் நோய்ப்பரவலியல் வல்லுநராகப் பணியாற்றியபோது, பிளேக் உள்ளிட்ட தொற்றுநோய்களை ஆராய்ந்தார்.

கின்ஷாசா ஆய்வுகள்

1984இல், அப்போது ஜயீர் என்று அழைக்கப்பட்ட காங்கோ நாட்டின் தலைநகரான கின்ஷாசாவுக்குச் சென்று, எய்ட்ஸ் ஆய்வுத் திட்டமொன்றின் பொறுப்பை ஏற்றார். அதில் காங்கோ, அமெரிக்க, பெல்ஜிய மருத்துவர்கள் இணைந்து பணியாற்றினர். நோய் எவ்வாறு பரவுகிறது என்பதில் மக்களிடையே பெரும் அச்சம் நிலவிய காலம் அது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்து எதுவும் அப்போது பயன்பாட்டுக்கு வரவில்லை.

மானும் அவருடைய குழுவினரும் எய்ட்ஸ் நோயாளிகளின் குடும்பத்தினரைப் பரிசோதித்தனர். நோயாளியின் கணவன் அல்லது மனைவியிடையே தொற்று மிகுந்திருந்தது. அதே வீட்டில் வாழ்ந்த ஏனையோரிடம், நோயாளி இல்லாத வீடுகளில் காணப்பட்டதைவிட அது குறிப்பிடத்தக்க அளவில் மிகுதியாக இல்லை. மருத்துவமனைப் பணியாளர்களை ஆராய்ந்தபோதும், நோயாளிகளைப் பராமரித்த பணிக்கும் தொற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை. குழந்தைகளைப் பற்றிய ஆய்வு, ஊசி மருந்து ஏற்றுதலால் விளையக்கூடிய ஆபத்தைச் சுட்டியது. ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதியின் அருமை இதனால் விளங்கும்.

காசநோயுடன் உள்ள தொடர்பு

கின்ஷாசாவின் காசநோயாளிகளிடையே எச்.ஐ.வி. தொற்று மிகுந்திருப்பதையும் இக்குழு 1986இல் வெளியிட்டது. இதன் காரணம் பின்வருமாறு: காசநோய்க் கிருமி பலருடைய உடலில் நோயை உண்டாக்காமல் அடங்கியிருக்கும். எச்.ஐ.வி. கிருமி சி.டி.4 என்னும் நோய் எதிர்ப்பு அணுக்களை அழிக்கும்போது, அடங்கியிருந்த காசக் கிருமி பெருகி நோயாக வெளிப்படுகிறது. ஆகவே, எச்.ஐ.வி. தொற்று உள்ளோர் இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதமின்றிக் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

உலகளாவிய பணி

1986இல் மான், ஜெனீவாவிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தில் எய்ட்ஸ் திட்டத்தைத் தொடங்கும் பொறுப்பை ஏற்றார். சில ஆண்டுகளிலேயே அது அந்நிறுவனத்தின் மிகப்பெரிய திட்டங்களுள் ஒன்றாக வளர்ந்தது. டிசம்பர் 1ஆம் நாளை உலக எய்ட்ஸ் தினமாகக் கடைப்பிடிக்கும் வழக்கமும் அவருடைய ஒப்புதலுடன் 1988இல் தொடங்கியது.

எய்ட்ஸை அவர் மூன்று கொள்ளை நோய்களாகக் கண்டார். முதலாவது ஓசையின்றிப் பரவும் தொற்று. இரண்டாவது அதனால் விளையும் நோய். மூன்றாவது சமூகத்தின் அச்சமும் ஒதுக்குதலும். ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சுபவர் பரிசோதனைக்கு வரமாட்டார். வராதவருக்குச் சிகிச்சையும் இல்லை, அவரிடமிருந்து தொற்று பரவுவதைத் தடுக்கவும் வழியில்லை. எனவே நோயாளியின் உரிமையைக் காப்பது கருணைச் செயல் மட்டுமன்று, நோய்த் தடுப்பு முறையுமாகும் என்பது அவருடைய கொள்கை.

நிறுவனத்தின் தலைமை இயக்குநருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1990இல் பதவி விலகினார். பின்னர் ஹார்வர்டில் உடல்நலம், மனித உரிமை ஆகியவற்றை இணைத்து ஆராயும் மையத்தை வழிநடத்தினார். 1998ஆம் ஆண்டு செப்டம்பர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா சென்ற சுவிஸ்ஏர் விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. அதில் பயணம் செய்த 229 பேரும் உயிரிழந்தனர். ஜொனாதன் மானும், தடுப்பூசி ஆய்வாளரான அவருடைய மனைவி மேரி லூ கிளெமென்ட்ஸ்-மானும் அவர்களுள் அடங்குவர். அப்போது அவருக்கு வயது 51.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

• தொற்று உள்ளவரைத் தொடுதல், உடன் உண்ணுதல், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துதல் ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவாது. அவருக்கெனத் தட்டும் அறையும் ஒதுக்கத் தேவையில்லை.

• தொற்று உள்ளவரின் கணவன் அல்லது மனைவியும், தொற்று உள்ள தாயின் குழந்தைகளும் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

• கூட்டு மருந்துகள் ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாக வழங்கப்படுகின்றன. உடல் தேறிவிட்டது என்று கருதி அவற்றை நிறுத்தக் கூடாது.

• 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் வேலை, கல்வி, சிகிச்சை ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. பரிசோதனைக்கு ஒப்புதல் பெறுவதையும், தொற்று நிலையை இரகசியமாகக் காப்பதையும் அது வலியுறுத்துகிறது.

• ஆலோசனைக்கு 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தை அணுகலாம்.