நூல்நிலைய மேதை இரங்கநாதனார்

கடலூரினின்றும் தெற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டி, சிதம்பரத்தைக் கடந்து, கொள்ளிடப் பாலத்தின்மேல் ஊர்ந்து அக்கரை சேர்ந்ததும், சிறிது பொழுதில் சீர்காழி நிலையத்தை அடையும். ஞானசம்பந்தர் தோன்றிய தலமென்று அவ்வூரைப் போற்றுவார் பலர். அதே ஊரில் தோன்றி, நூல்களைத் தேடுவோரின் துயரைத் துடைப்பதே தம் வாழ்நாட் பணியெனக் கொண்ட பெரியார் ஒருவரை நினைப்பாரோ சிலரே. அவர்தாம் நூல்நிலைய மேதை எஸ். ஆர். இரங்கநாதனார். நம் கலாசாலை நூல்நிலையத்துள் நுழைந்து, அலமாரிகளிடையே தடையின்றி உலாவி, வேண்டிய நூலைச் சில நிமிடங்களிற் கையிலெடுக்கும் நாம், அவரது உழைப்பின் பயனை நம்மை அறியாமலே துய்க்கின்றோம். ஆதலின் அவர் வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நம் கடனாகும்.

இளமையும் கல்வியும்

சீர்காழி இராமாமிருத இரங்கநாதன் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் பிறந்தார். தந்தையார் இராமாமிருத ஐயர். தாயார் சீதாலட்சுமி அம்மையார். ஆறு வயது நிரம்பும்போதே தந்தையை இழந்த இச்சிறுவர், உறவினரின் ஆதரவில் வளர்ந்து, சீர்காழிச் சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்றார். பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் சேர்ந்து, 1913-இல் பி. ஏ. பட்டமும், 1916-இல் கணிதத்தில் எம். ஏ. பட்டமும் பெற்றார். அங்கே கணிதம் கற்பித்த எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியர், இவருக்கு ஆசானாக மட்டுமன்றி இறுதிவரை வழிகாட்டியாகவும் விளங்கினார். பேச்சில் திக்கும் குறை இவருக்கு இருந்தது. எனினும் ஆசிரியத் தொழிலையே விரும்பிய இவர், விடாமுயற்சியால் அக்குறையை வென்றார். சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்தபின், மங்களூரிலும் கோயமுத்தூரிலும், 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்து வந்தார்.

விரும்பாமல் ஏற்ற பணி

1924-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், சென்னைச் சர்வகலாசாலையின் நூல்நிலையத் தலைவராக இரங்கநாதனார் நியமனம் பெற்றார். நண்பர்களின் தூண்டுதலால் ஏற்ற பதவி அது. வகுப்பறையின் ஆரவாரத்திற்குப் பழகியவர்க்கு, வாசகரற்ற கூடமும் புழுதி படிந்த அலமாரிகளும் தனிமைச் சிறைபோலத் தோன்றின. சில நாட்களிலேயே மாநிலக் கல்லூரி முதல்வரிடஞ் சென்று, தம்மை மீண்டும் ஆசிரியராக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். இங்கிலாந்து சென்று நூல்நிலையக் கலையைப் பயின்று வரட்டும், அதன் பின்னரும் வெறுப்பு நீங்காவிடில் திரும்பி வரலாம் என்னும் உடன்பாட்டின்மேல் அவ்வாண்டிலேயே இலண்டனுக்குப் பயணமானார்.

அங்கே சர்வகலாசாலைக் கல்லூரியில் கல்வி பயின்றதோடு, குரோய்டன் நகரப் பொது நூல்நிலையத் தலைவரான பெர்விக் சேயர்ஸ் என்பாரின் நட்பையும் பெற்றார். பல ஊர்களிலும் சென்று நூல்நிலையங்களை நேரிற் கண்டார். தொழிலாளியும் இல்லத்தரசியும் சிறுவரும் அங்கே கூசாமல் நுழைந்து நூல்களை எடுத்துச் செல்லும் காட்சி இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. நம் நாட்டிலோ நூல்கள் பூட்டிய கதவுகளுக்குப் பின்னே காக்கப்பட்டன. காப்பதே கடமையென்று காப்போரும் கருதினர். இவ்வேற்றுமையை உணர்ந்த கணமே இரங்கநாதனாரின் மனம் மாறியது. 1925-இல் தாயகம் திரும்பிய அவர், ஆசிரியப் பதவியை மீண்டும் நாடவில்லை.

சிதம்பரத்தில் ஒரு மார்கழி

திரும்பியது முதல் அவர் உள்ளத்தை ஒரு வினா வருத்தியது. நூல்நிலையங்களில் வழக்கங்கள் பல உள. அவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் மூல விதிகள் யாவை? சில அடிப்படைக் கூற்றுக்களிலிருந்து எண்ணற்ற முடிவுகளைப் பெறும் கணிதத்திற் பழகிய மனம் இதிலும் அத்தகைய அடிப்படையைத் தேடியது. 1928-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மாலை, பேராசிரியர் ராஸ் இவரைக் காண வந்தார். மாணவரின் மனக்குழப்பத்தைக் கேட்டறிந்த அவர், நூல்கள் இருப்பது பயன்படுவதற்கே என்னும் கருத்தை எளிய மொழியிற் கூறிவிட்டுச் சென்றார். முதல் விதி அகப்பட்டதும் மற்றவை தாமே தொடர்ந்தன.

அவ்விதிகள் ஐந்து. நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பது ஒன்று. ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் காலம் வீணாகலாகாது என்பது நான்காவது. நூல்நிலையம் வளர்ந்துகொண்டே செல்லும் உயிரையொத்தது என்பது ஐந்தாவது.

அவ்வாண்டு நவம்பரில் இரங்கநாதனார்க்குப் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிற் குளத்தில் ஏற்பட்ட விபத்தில் அவர் மனைவியார் ருக்மிணி அம்மையார் உயிர் நீத்தார். பதினைந்து வயதில் கைப்பிடித்த துணைவியை இழந்தவர், அடுத்த மாதமே சிதம்பரத்திற்கு வந்தார். அங்கே மாகாணக் கல்வி மாநாடு கூடியிருந்தது. அண்ணாமலைச் செட்டியார் நிறுவி, அடுத்த ஆண்டில் அண்ணாமலைச் சர்வகலாசாலையாக மலரவிருந்த மீனாட்சி கலாசாலையில், திரளான ஆசிரியர்முன் ஐந்து விதிகளையும் முதன்முதலாக வெளியிட்டுப் பிரசங்கம் செய்தார். பின்னாளில் உலகெங்கும் பரவிய கருத்துக்கள் முதன்முதல் ஒலித்த இடம் நம் சிதம்பரமே என்பதை நாம் பெருமையுடன் நினைவிற் கொள்ளலாம். அவை 1931-இல் நூலுருவில் வெளிவந்தன.

காலத்தின் கணக்கு

ஐந்தனுள் நான்காவது விதியே இரங்கநாதனாரின் செயல்கள் பலவற்றிற்கும் ஊற்றாக இருந்தது. அந்நாளைய முறைப்படி, வாசகர் ஒரு சீட்டில் நூலின் பெயரெழுதிக் கொடுப்பார். ஏவலர் உள்ளே சென்று தேடி வருவார். வந்த நூல் வேண்டியதன்றாயின் மீண்டும் சீட்டு, மீண்டும் காத்திருத்தல். இவ்வாறு ஒருவர் இழக்கும் நிமிடங்கள் சிலவே. ஆயினும், நாடோறும் வருவோர் அனைவரின் நிமிடங்களையும் கூட்டி ஆண்டுக்குக் கணக்கிட்டால் நாட்டிற்கு எத்துணை இழப்பு! ஊழியர் சிலரை மிகுதியாக நியமிக்கும் செலவைவிட இவ்விழப்பே பெரிதென அவர் கணக்கிட்டுக் காட்டினார். அலமாரிகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார். நூல்நிலையம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். வாசகர்க்கு உதவவே தனி ஊழியரை அமர்த்தினார். 1936-இல் சேப்பாக்கத்துக் கடற்கரையில் எழுந்த புதிய கட்டிடமும் இந்நோக்கத்திற்கேற்பவே அமைந்தது.

திறந்த அலமாரியிலும், நூல்கள் முறையின்றிக் கிடந்தால் பயனென்ன? இலண்டன் கடையொன்றில், துளையிட்ட இரும்புத் தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு பலவகை உருவங்களைச் சமைக்கும் விளையாட்டுப் பொருளைக் கண்டபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லாப் பொருள்களுக்கும் முன்னதாகவே எண் வகுத்து வைத்தல் இயலாது. புதிய அறிவு தோன்றிக்கொண்டே இருக்கும். ஆகவே, ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பகுத்து, கூறுகளுக்கு மட்டும் குறி வகுத்து, வேண்டும்போது அவற்றை இணைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்குச் செய்யும் சிகிச்சை என்னும் பொருளில், நுரையீரல் ஒரு கூறு, நோய் ஒன்று, சிகிச்சை ஒன்று, நாடு ஒன்று. கூறுகளை இணைக்க முக்காற்புள்ளிக் குறியைப் பயன்படுத்தியமையால், 1933-இல் வெளிவந்த இப்பகுப்பு முறைக்குக் கோலன் முறை என்று பெயராயிற்று.

அட்டவணைக்கும் அவர் சங்கிலி முறை என ஒன்றை வகுத்தார். ஒரு பொருளைச் சுட்டும் குறியின் கண்ணி ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, அதற்குமேல் இல்லை. சீட்டுக்கள் குறைந்தால் வாசகர் திண்டாடுவார். மிகுந்தால் எழுதுவோரின் உழைப்பும் அட்டவணையின் பருமனும் கட்டுக்கடங்கா. இரண்டிற்கும் நடுவே நின்று அளவறிந்து செய்தலே அவரது திறமை.

தம் நூலையே திருத்தியவர்

உலகோர் புகழ்ந்த கோலன் முறையை முதன்முதல் குறை கூறியவர் இரங்கநாதனாரே என்றால் மிகையன்று. 1945 முதல் காசி இந்து சர்வகலாசாலையிற் பணியாற்றியபோது ஏறத்தாழ 1,00,000 நூல்களைத் தாமே பகுத்தார். தம் முறையின் குறைகள் அவ்வுழைப்பில் அவருக்குப் புலனாயின. பின்னர்த் தில்லிச் சர்வகலாசாலையிற் பணியாற்றிய காலத்தில், 1951 முதல் ஞாயிறுதோறும் இளைஞர் சிலர் அவர் இல்லத்திற் கூடினர். ஆசானின் விதிகளையே எடுத்து அலசுவதும், இடறும் இடங்களைக் காட்டுவதும், மாற்று வழி கூறுவதும் அக்கூட்டத்தின் வேலை. இத்தகைய ஆராய்ச்சியின் பயனாக, 1952-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் முக்காற்புள்ளியின் தனியாட்சி முடிந்தது. வெவ்வேறு கூறுகளுக்கு வெவ்வேறு குறிகள் வந்தன. பெயர் தந்த குறியையே ஒதுக்க அவர் தயங்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பதிப்புக்குப் பதிப்பு முறை மாறியதால், முந்திய பதிப்பைப் பின்பற்றிய நூல்நிலையங்கள் எண்களை மாற்றி எழுத நேர்ந்தது. அச்சுமையை அஞ்சிய பலர், மெல்விற் டூயி என்னும் அமெரிக்கர் வகுத்த தசம முறையிலேயே நின்றனர். கோலன் முறையைக் கையாளும் நூல்நிலையங்கள் உலகிற் சிலவே. ஆனால் பொருளைக் கூறுகளாகப் பகுத்தறியும் அவரது கொள்கையோ எங்கும் பரவியது.

இன்றைய கணிப்பொறியில்

இரங்கநாதனார் மறைவதற்கு ஈராண்டுமுன், 1970-இல், எட்கர் காட் என்னும் கணித அறிஞர், தரவுகளை வரிசைகளும் நிரல்களுமாகிய அட்டவணைகளில் அமைத்துக் கையாளும் கொள்கையை வெளியிட்டார். அக்கொள்கையின் வழிவந்த தரவுத்தளங்களுள் ஒன்றான போஸ்ட்கிரெஸ், கலிபோர்னியாவின் பெர்க்கிலிச் சர்வகலாசாலையில் 1986-இல் தொடங்கியது. 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயருடன், பல நாட்டுத் தொண்டர்களால் வளர்க்கப்பட்டு வருகின்றது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம். எவரும் திருத்தம் கூறலாம்.

அங்கு நிகழும் விவாதங்களைக் கேட்பவர்க்கு நூல்நிலையமே நினைவிற்கு வரும். ஒரு கோடி வரிசைகளில் ஒன்றைத் தேடுங்கால், சுட்டு இல்லையேல் பொறி பக்கம் பக்கமாக அனைத்தையும் படித்தல் வேண்டும்; கிளைத்து விரியும் மரம்போன்ற சுட்டு இருப்பின் நாலைந்து படிகளில் அடைந்துவிடும். ஆனால் புதுவரிசை சேருந்தோறும் சுட்டையும் திருத்த வேண்டுமாதலின், அளவிறந்த சுட்டுக்கள் சுமையேயாகும். அட்டவணை சிறிதாயின் சுட்டை நாடாமல் நேரே படித்தலே விரைவு. சின்னஞ்சிறு அலமாரியின்முன் நிற்பவர் சீட்டுப் பெட்டியைத் தேடுவாரா? ஆகவே அத்தொண்டர்கள் முதலில் அளந்து பார்க்கின்றனர், பிறகே மாற்றுகின்றனர். ஒரு தேடலை விரைவாக்கும் திருத்தம் வேறொன்றைத் தாமதப்படுத்துமாயின், அதை ஏற்கத் தயங்குகின்றனர். முன்னரே சேர்த்து வைத்த தரவுகள் கெடாமற் காப்பதையும் கடமையாகக் கொள்கின்றனர். இவர்கள் இரங்கநாதனாரின் நேர்வழி மாணாக்கர் அல்லர். ஆயினும் அவர் எடுத்துக்கொண்ட கணக்கையே இவர்களும் வேறு கருவிகொண்டு போடுகின்றனர்.

இறுதி நாட்கள்

உழைப்பே அவருக்கு ஓய்வாக இருந்தது. 1929-இல் சாரதா அம்மையாரை மணந்த நாளிலும் பிற்பகலில் நூல்நிலையத்திற்கு வந்துவிட்டார் என்பர். எளிய உடையும் எளிய உணவும் அவருக்குப் போதுமாயிருந்தன. சேர்த்த செல்வத்தில் ஒரு இலட்சம் ரூபாயை, நூல்நிலையக் கல்விக்கென மனைவியார் பெயரால் ஒரு பேராசிரியர் பதவி நிறுவுமாறு சென்னைச் சர்வகலாசாலைக்கு வழங்கினார். பலகால முயற்சிக்குப்பின், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. ஏழை எளியோரும் கிராமத்தாரும் நூல் பெற வழிகோலிய அச்சட்டத்தில் இவரது பங்கு பெரிது. 1957-இல் அரசாங்கம் பத்மசிறீ விருதளித்தது. 1962-இல் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தைத் தோற்றுவித்து, அந்நகரிலேயே 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தம் எண்பதாம் வயதிற் காலமானார்.

மாணவ நண்பர்காள்! பிறர் பொருளைக் கவர்தல் குற்றமென்று அறிவோம். பிறர் பொழுதை வீணாக்குதலும் குற்றமென்று அறிவோர் அரியர். அதை அறிந்து, தம் வாழ்நாள் முழுவதையும் பிறர் நிமிடங்களைக் காப்பதற்கே செலவிட்டவர் சீர்காழிப் பெரியார். நம்மிற் சிலர் நாளை நூல்நிலையத்தில் அமரலாம். சிலர் அரசாங்க அலுவலகங்களிற் கோப்புக்களைக் கையாளலாம். சிலர் கணிப்பொறிக்கு நிரல் எழுதலாம். எங்கிருப்பினும், நம் எதிரே காத்து நிற்பவரின் பொழுதை மதிப்போமாக. நாம் செய்த வேலையைப் பிறர் அலசிக் குறை காட்டும்போது, இரங்கநாதனாரைப்போல் முகங் கோணாது திருத்திக்கொள்வோமாக.