பட்டறிவு தந்த தலைமை: சிலம்புச் செல்வர் ம.பொ.சி.

மக்களின் துயரை நூல்வழி அறிந்தோரும் தலைவராகலாம். ஆயின், அத்துயரைத் தாமே நுகர்ந்தவர் தலைவராகும்போது அவர்தம் சொல்லுக்குத் தனி வலிமை பிறக்கிறது. சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம் அவர்களின் வாழ்வு இதற்குச் சான்றாகும்.

1906 ஜூன் 26 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஏழைக் குடும்பமொன்றில் ம.பொ.சி. பிறந்தார். வறுமை அவரது பள்ளிப் படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியது. நெசவுக் கூலியாக உழைத்தார். பின்னர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தார். அச்சுக்கூடமே அவருக்குக் கல்லூரியாயிற்று. பிறர் எழுத்தைக் கோத்த அதே கைகள் எழுதிய வள்ளலார் பற்றிய நூலுக்கு 1966-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது.

அவர் பிறந்த கிராமணி குலத்தாருள் பலருக்குக் கள் இறக்குதலே பிழைப்பு. அத்தொழிலால் வீடுகளில் அடுப்பெரிந்ததையும், குடியால் குடும்பங்கள் குலைந்ததையும் அவர் அருகிருந்து கண்டார். ஆகவேதான் தம் குலத்தாரிடமே மதுவிலக்கை வலியுறுத்தினார். சொந்த மக்களின் வருவாயைத் தொடும் பேச்சு அது. கேட்போர் மனம் நோகும் என அறிந்தும் பேசினார். அவர்களுள் ஒருவர் என்பதால் பேசும் உரிமையும் அவருக்கு இருந்தது.

விடுதலைப் போரில் 1942-இல் சிறை புகுந்தார். அங்கு உடல்நலம் குன்றி மீண்டார். 1946-இல் தமிழரசுக் கழகத்தைத் தோற்றுவித்தார்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்துடன் திருத்தணியும் அதனுள் சென்றது. வடக்கெல்லைத் தமிழர்க்கு எல்லை என்பது நிலப்படத்துக் கோடு மட்டுமன்று. பிள்ளைகள் எம்மொழியில் பயில்வது, அலுவலகத்தில் எம்மொழியில் விண்ணப்பம் எழுதுவது என்னும் அன்றாடக் கவலை அது.

சென்னையில் வளர்ந்த ம.பொ.சி. இக்கவலையைத் தாமே பட்டவர் அல்லர். அதனால் அதனைப் பட்டவர்களோடு கைகோத்தார். ஊர்தோறும் தமிழ் கற்பித்த ஆசிரியர் மங்கலங்கிழாரும், திருத்தணி கே.விநாயகமும் உடன் நின்றனர். மங்கலங்கிழார் 1953-இலேயே மறைந்தார், போராட்டம் தொடர்ந்தது. பட்டாஸ்கர் அளித்த தீர்வின்படி 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்று திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் ஒரு குழந்தை அரசுப் பள்ளியில் தமிழைத் தன் முதன்மொழியாகப் பயில்வதில் அம்மூவர் உழைப்பும் கலந்துள்ளது. அதே வேளையில், திருப்பதியும் சித்தூரும் கிட்டாத ஏக்கம் அவரை விட்டு நீங்கவில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்ற அவர் பின்னாளில் தமிழகச் சட்ட மேலவையின் தலைவராக வீற்றிருந்தார். 1995 அக்டோபர் 3 அன்று மறைந்தார்.

மாணவச் செல்வங்களே, பட்ட துன்பத்தைப் பொதுநலத்திற்கு உரமாக்குதலும், தாம் படாத துன்பத்தில் அதனைப் பட்டவர் சொல்லுக்குச் செவிசாய்த்தலும் தலைமைக்கு இரு கண்கள். அவ்விரண்டையும் நாம் அவர் வாழ்விலிருந்து கற்போமாக.